திருத்தப்படாத வரி

செய்யது மசூது காலமான மழைக்காலத்தில் காதோலையின் பக்கங்களும் பூட்டிக்கொண்டன. படிக்கலாம். ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. கடவுச்சொல் மசூதுவின் மனசில் மட்டும் இருந்தது. அது அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது.

காதோலை என்பது பார்வையில்லாதவர்களின் கணினியைத் தமிழில் பேச வைக்கும் மென்பொருள்; தனக்கென ஓர் இயங்குதளத்தோடு சேர்ந்தே கணினியில் ஏறும். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். முதலில் அதை எழுதியவர்கள் இரண்டு பேர்தான். பாளையங்கோட்டையில் கணினி சொல்லிக்கொடுத்த அமலோற்பவமும் மேலப்பாளையத்து மசூதுவும். பிறகு ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்தார்கள்.

எப்படி நிறுவுவது, எங்கே தடுக்கும், தடுத்தால் என்ன செய்வது என்று அத்தனையையும் அவர்கள் ஒரு விக்கியில் எழுதி வைத்தார்கள். எழுதினவர்தான் திருத்த வேண்டும் என்றில்லை. படிக்க வந்தவரே பிழையைக் கண்டால் அந்த இடத்திலேயே திருத்திவிட்டுப் போகலாம். அந்த விக்கியை மசூது ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்து வந்தார். குப்பை கொட்டுகிறவர்களைத் தடுக்க அவர் அதைச் சில நாள் பூட்டி வைத்திருந்தபோதுதான் இறந்துபோனார்.

காதோலைக் குழுவினர் துக்கம் கேட்கப் போனபோது அவருடைய மகன் இத்ரீஸ் சொன்னான்: "வாப்பாவோட இணைய முகவரி மட்டும் என் பேருல இருக்கு. நீங்க புதுசா ஒரு விக்கி செய்ங்க. ஒரு வார்த்த சொல்லுங்க, அன்னைக்கே பழசுலேருந்து புதுசுக்குத் திருப்பி விட்டுருதேன்."

எந்த விக்கி மென்பொருளில் புதிய பக்கங்களை அமைப்பது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் குழு வைரவனிடம் கொடுத்தது.

வைரவன் வங்கியில் கணினிப் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். மனைவி உமையாளுக்குச் சர்க்கரையால் பார்வை போனது. அதன் பிறகு அந்த அம்மாள் பல மாதம் யாரிடமும் பேசாமல் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். காதோலை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலையில் செய்தி கேட்டுவிட்டு, "கத்தரிக்கா விலையப் பாத்தீயளா, கொள்ளையில போக" என்று திட்டினார். வைரவன் அடுக்களைக்குள் போய் அழுதார். மறுவாரமே முருகன்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த காதோலை அறைக்குப் படியேறிப் போனார்.

"எனக்கு இதச் சொல்லித் தருவீங்களா, டீச்சர்?"

அமலோற்பவம் அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. தலையைச் சற்றுச் சாய்த்துக் குரல் வந்த திசையைக் கேட்டார்.

"உக்காருங்க, அண்ணாச்சி."

அன்றிலிருந்து வைரவன் அவருடைய மாணவர்.

புதிய விக்கிக்கான பொறுப்பு கைக்கு வந்ததும் வைரவன் முழு மூச்சாக இறங்கினார். உலகத்தில் எத்தனை விதமான விக்கி மென்பொருள்கள் உண்டோ அத்தனையையும் இறக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் நிறுவினார், கலைத்தார், மறுபடி நிறுவினார். சிலவற்றில் எழுத்து அழகாக இருந்தது. சிலவற்றில் தேடுவது சுலபமாக இருந்தது. நல்லதாகத் தெரிந்த ஒன்றை ஒரு நாள் டீச்சரின் மேசையில் திறந்து வைத்தார்.

"இது எப்படி இருக்குன்னு சொல்லுங்க, டீச்சர். எல்லாம் கச்சிதமா இருக்கு. பக்கவாட்டுல மெனு. மேல தேடற பெட்டி. யாரும் தடுமாற மாட்டாங்க."

அமலோற்பவம் கையை நீட்டித் துழாவித் திரையை அணைத்தார்.

"இப்பக் காட்டுங்க."

வைரவன் விசைப்பலகையை வெறித்துப் பார்த்தார். சுட்டி எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு விசையைத் தட்டினார். காதோலையின் குரல், 'இணைப்பு, இணைப்பு, இணைப்பு' என்று முணுமுணுத்தது. இன்னும் ஒன்றைத் தட்டினார். பக்கமே மூடிக்கொண்டது.

"இன்னொண்ணு பாக்குறேன், டீச்சர்."

"பாருங்க."

பாடம் புரிந்துவிட்டது என்று வைரவன் நினைத்தார். வீட்டில் திரையை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்கத் தொடங்கினார். ஆனி போய் ஆடி வந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் கழிந்தன. மிச்சமிருந்தவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு குறை.

ஒருநாள் அமலோற்பவம் கேட்டார்: "பழைய பக்கத்துல இன்னைக்கு என்னென்ன தப்பு இருக்கு, அண்ணாச்சி?"

"நெறைய இருக்கு. மசூது பாய் போன பிறகு ரெண்டு பதிப்பு வந்துருச்சே. பல இடத்துல மாறிப்போச்சு."

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். குழுவுல பலருக்கும் தெரியும்."

"படிக்க வாரவங்களுக்கு?"

"புதுசு வந்ததும் மொத்தமாச் சரி பண்ணிரலாம், டீச்சர்."

"இருக்கறதுல ஒண்ண இன்னைக்கே வச்சிட்டா என்ன?"

"அரைகுறையா வச்சிட்டு மறுபடி மாத்தறது மசூது பாய்க்கு மரியாத இல்ல."

தொலைபேசி அடித்தது. உதவி கேட்டு வரும் அழைப்புகளை அமலோற்பவம்தான் எடுப்பார். அன்று யாரோ வாலாஜாபாத்திலிருந்து கேட்டார்கள். பக்கத்தில் எழுதியிருப்பது ஒன்று, கணினி சொல்வது இன்னொன்று என்று அந்தக் குரல் குறைப்பட்டுக்கொண்டது. அவர் பொறுமையாக, ஒவ்வொரு விசையாகச் சொல்லிக்கொடுத்தார். வைரவன் தன் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையில் அவரைத் தடுத்தது மென்பொருளின் குறை அல்ல. ஒரு விக்கியில் யார் எப்போது எந்த வரியை எழுதினார், யார் திருத்தினார் என்ற வரலாறு முழுக்கப் பதிந்திருக்கும். பழைய விக்கியில் ஏறக்குறைய ஒவ்வொரு பக்கத்திலும் மசூதுவின் பேர் இருந்தது. அதிகாலைத் தொழுகை முடிந்ததும் எழுத உட்காருவார் போல. நேரங்கள் எல்லாம் விடிகிற வேளையாகவே இருந்தன. சொற்களை மட்டும் எடுத்துப் புதிய இடத்தில் வைப்பது எளிது. அந்த வரலாற்றையும் சேர்த்துக் கொண்டுபோகிற மென்பொருள்தான் அகப்படவில்லை. கொண்டுபோவேன் என்று சொன்னவை பார்வையில்லாதவர்கள் தொட முடியாதவையாக இருந்தன. தொட முடிந்தவை மசூதுவின் பேரை விட்டுவிட்டு வந்தன.

வைரவனுக்கு அது மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தேடினால் கிடைத்துவிடும் என்று இருந்தார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அறையின் கூரை ஒரு மூலையில் ஒழுகியது. அதற்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் தொலைபேசி அடித்தது. அமலோற்பவம் எடுத்து, வைரவனுக்கும் கேட்கும்படி வைத்தார்.

"காதோலைங்களா?" ஒரு பெண் குரல். அழுது ஓய்ந்த குரல்.

"ஆமா, அமலோற்பவம் டீச்சர் பேசுதேன், சொல்லுங்க."

"நான் சங்கரன்கோயில்லேருந்து பூரணம் பேசுதேன். எனக்குக் கண்ணு தெரியாது. டெலிபோன் ஆபரேட்டரா இருந்தேன்."

"சொல்லுங்கம்மா."

"நேத்து உங்க புது பதிப்பப் போட்டேன். போன்ல உங்க பக்கத்தப் படிக்கவிட்டு, அது சொன்னபடியே செஞ்சேன். எல்லாம் நல்லாத்தான் ஏறுச்சு. இப்ப எம் புள்ள சத்தத்தக் காணல."

"யாரு சத்தம்?"

"எம் மக. கோமு. போன வருசம் காச்சல்ல போயிட்டா. அவ பேசுனதெல்லாம் கம்ப்யூட்டர்ல வச்சிருந்தேன். இப்ப உள்ள ஒண்ணுமே இல்ல டீச்சர். தொடச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

எந்த வரி இதைச் செய்தது என்று வைரவனுக்குத் தெரியும்.

காதோலையைக் கணினியில் ஏற்றும்போது ஓர் இடத்தில் மட்டும் அதன் குரல் இன்னும் பேசத் தொடங்கியிருக்காது. கணினியின் வன்வட்டில் எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கிற இடம் அது. பார்வையில்லாதவர்கள் அங்கே பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பித்தான் விசையை அமுக்க வேண்டும். 'அப்படியே எண்டர் அடிக்கவும்' என்று பக்கத்தில் இருந்தது. பழைய பதிப்பில் முதல் தேர்வு, இருக்கிறதை இருக்கிறபடி வைத்துக்கொண்டு பக்கத்தில் நிறுவுவது. புதிய பதிப்பில் வரிசை மாறிவிட்டது. முதல் தேர்வு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவுவது.

புதிய விக்கி வந்ததும் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று வைரவன் வைகாசியிலேயே குறித்து வைத்திருந்தார்.

"அம்மா," என்றார் அமலோற்பவம், "அந்தக் கம்ப்யூட்டர இனிமே ஆன் பண்ணாதீங்க. நாங்க வந்து எடுத்துக்கிடுதோம்."

"கெடைக்குமா டீச்சர்?"

"தெரியாதும்மா. பாப்போம்."

வைரவனே போய் அந்தக் கணினியை எடுத்து வந்தார். அழிந்ததை மீட்டுத் தருகிற ஆள் ஒருவர் திருநெல்வேலி ரயில் சந்திப்புப் பக்கம் இருந்தார். வைரவன் அவர் கடையிலேயே காத்துக்கிடந்தார். வட்டு சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைக்காரர் எவ்வளவோ முயன்று பார்த்தார்.

கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். "கோப்போட பேரெல்லாம் வந்திருக்கு சார். உள்ள சத்தம் இல்ல. அது மேலயே புதுசு ஏறிருச்சு."

வைரவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஓடுகிற நேரம் மட்டும் நகர்ந்தது. காதில் ஒன்றும் விழவில்லை.

அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. உமையாள் என்னவென்று கேட்டார். சொன்னார். உமையாள், "அந்தம்மா முகத்த நேர்ல போய்ப் பாருங்க" என்றார். "போன்ல சொல்லாதீங்க."

மறுநாள் அமலோற்பவமும் கூட வந்தார். இருவரும் பேருந்தில் போனார்கள். வழியெல்லாம் மழை. வைரவன் மடியில் கணினிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூரணம் சங்கரன்கோவிலின் தெற்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வாசலில் காலடி கேட்டதும் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். காப்பி போட்டு ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். உட்கார்ந்ததும் கேட்டார்.

"கெடச்சுதா?"

"பேரெல்லாம் கெடச்சுதும்மா," என்றார் வைரவன். "உள்ள ஒண்ணும் இல்ல."

"பேருன்னா?"

"நீங்க வச்ச பேரு. கோமு காலேஜ். கோமு காய்கறிக்காரர். கோமு சிரிப்பு. இப்படி."

"சிரிப்பப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

பூரணம் தலையை ஆட்டிக்கொண்டார். தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"காய்கறிக்காரர் மாதிரி பேசிக் காட்டுவா," என்றார் பூரணம். "எனக்கு யாரு வந்திருக்கான்னே தெரியாது. கதவத் தெறந்துக்கிட்டு வெளிய போயிருவேன். உள்ளேருந்து சிரிப்பா."

வைரவன் கணினியைப் பெட்டியோடு தரையில் வைத்தார்.

"தப்பு எங்க மேலதாம்மா. அந்தப் பக்கத்துல ஒரு வரி பழசு. திருத்தாம விட்டுட்டோம்."

"எந்த வரி?"

"வட்டு கேக்கற எடத்துல, அப்படியே எண்டர் அடிக்கச் சொல்ற வரி. புதுசுல கீழ் அம்ப ஒரு தடவ அமுக்காம அடிச்சா எல்லாத்தையும் அழிச்சிரும்."

"ஆமா, அடிச்சேன்." பூரணம் பிறகு கேட்டார்: "இப்பத் திருத்தியாச்சா?"

இத்தனை நாளும் வட்டு, கடை, மீட்பு என்று ஓடியதில் அந்த நினைப்பே வைரவனுக்கு வரவில்லை.

"இல்லம்மா."

"அப்ப எனக்குப் பெறவு வேற யாரும் அதப் படிச்சிருப்பாங்களா?"

"தெரியல."

"படிச்சிருப்பாங்க," என்றார் அமலோற்பவம். இங்கு வந்த பிறகு அவர் பேசிய முதல் சொல் அது. "புதுப் பதிப்பு வந்த பெறவு தெனமும் நாலு பேராவது படிக்காங்க."

பூரணம் முகத்தை அவர் பக்கம் திருப்பினார். "அவங்களுக்கும் போயிருக்குமே டீச்சர்."

"போயிருக்கும்."

"அவங்க போன் பண்ணலியா?"

"எல்லாரும் பண்ண மாட்டாங்க. தன் கைதான் தப்புப் பண்ணிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன்," என்றார் பூரணம்.

அமலோற்பவம் வைரவன் பக்கம் கையை நீட்டினார். "அண்ணாச்சி, கடைசியா எத்தன விக்கி மிச்சம் வச்சிருக்கீங்க?"

"மூணு, டீச்சர்."

"போன்ல தெறக்குமா?"

"தெறக்கும். சோதனைக்குப் போட்டு வச்சிருக்கேன்."

"ஒண்ண எடுத்து இவங்க கையில குடுங்க."

வைரவன் தயங்கினார். இந்த நேரத்திலா என்று தோன்றியது. ஆனாலும் எடுத்தார். எல்லாவற்றிலும் சிறந்ததாக அவர் நினைத்திருந்ததைத் திறந்து பூரணத்தின் கையில் கொடுத்தார். அண்மையில்தான் அகப்பட்டது; மசூதுவின் பேரும் நேரமும் எழுத்து மாறாமல் அப்படியே ஏறியிருந்தது அதில்தான்.

"அந்த வரிய நீங்க திருத்துங்கம்மா," என்றார் அமலோற்பவம்.

"நானா?"

"நீங்கதான்."

பூரணத்தின் விரல் கண்ணாடியில் ஓடியது. போனின் குரல் படித்தது: 'பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான். பெயரில்லாத பொத்தான்.' அவர் மேலே போனார், கீழே வந்தார். மறுபடியும் மேலே போனார்.

"இதுல வழியக் காணோம், சார்."

வைரவன் போனை வாங்கிக்கொண்டார். வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு அவர் இதைச் செய்து பார்த்திருந்தார். ஆனால் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்னமே தெரிந்திருந்தது.

இரண்டாவதைத் திறந்து கொடுத்தார். அதில் பூரணம் திருத்துகிற இடம் வரைக்கும் போய்விட்டார். சேமிக்கும்போது குரல் சொன்னது: 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்ய, படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும்.'

பூரணம் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு இல்லை. "படத்தப் பாத்தாத்தான் மனுசியாம், டீச்சர்."

"குடுத்துருங்க அத," என்றார் அமலோற்பவம். "மூணாவது, அண்ணாச்சி."

மூன்றாவது மொட்டையானது. அழகு கிடையாது. மெனு கிடையாது. வெறும் எழுத்து, அடியில் ஒரே ஒரு பொத்தான். வைரவன் அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதுல பழைய வரலாறு வராது."

"சரி."

"சொல்லு மட்டுந்தான் வரும். யாரு எழுதினதுன்னு இருக்காது. மசூது பாய் பேரு எங்கயும் இருக்காது."

"உங்களுக்குத் தெரியும்ல, யாரு எழுதினதுன்னு?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும்."

வைரவன் தரையைப் பார்த்தார். மசூதுவோடு பதினைந்து வருசம் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியவர் டீச்சர்தான் என்பது அப்போதுதான் வைரவனுக்கு உறைத்தது. அடக்கத்தன்று அவர் மேலப்பாளையத்துத் தெருவில் மழையில் நின்றுகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேரை யாரிடமும் சொல்லி அவர் அழுததில்லை.

"பாஸ்வேர்டே இல்லாம யாரு வேணாலும் எழுதலாம் இதுல," என்றார் வைரவன். கடைசித் தடையாக அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது. "கண்டவங்களும் வந்து குப்ப கொட்டுவாங்க."

"கொட்டட்டும். அள்ளுவோம்."

"தெனமும் கொட்டுவாங்க, டீச்சர்."

"தெனமும் அள்ளுவோம்."

வைரவன் போனைப் பூரணத்தின் கையில் கொடுத்தார்.

குரல் பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தது. அந்த வரியும் வந்தது. 'அப்படியே எண்டர் அடிக்கவும்.' பூரணத்தின் விரல் அங்கே நின்றுவிட்டது. நிறுவிய அன்று கேட்ட அதே குரல், அதே சொற்கள். அவர் மறுபடி ஒருமுறை அதைப் படிக்கவிட்டுக் கேட்டார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டார்.

"என்னால முடியாது, டீச்சர்."

அமலோற்பவம் வற்புறுத்தவும் இல்லை, போனைத் திருப்பி வாங்கவும் இல்லை. காப்பியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. மழை வலுத்து ஓடுகளில் இரைந்தது. வைரவன் எழுந்துவிடலாமா என்று பார்த்தார். டீச்சர் அசையவில்லை. அவரும் உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்துப் பூரணம் கேட்டார்: "இந்த வரிய இப்ப யாரும் படிச்சிக்கிட்டு இருப்பாங்களா?"

"இருக்கலாம்," என்றார் அமலோற்பவம்.

பூரணம் போனை எடுத்தார். விரலைக் கீழே நகர்த்தினார். குரல் சொன்னது: 'திருத்து.'

இரண்டு முறை தட்டினார். எழுத ஆரம்பித்தார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் குரல் சொல்லக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒரு தடவை மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். இடையில் ஒருமுறை புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சேமித்ததும் குரல், 'பக்கம் மாற்றப்பட்டது' என்றது.

"இவ்வளவுதானா?" என்றார் பூரணம்.

"இவ்வளவுதாம்மா," என்றார் அமலோற்பவம்.

வாசலில் வைரவன் கைகூப்பினார். கைகூப்பியது பூரணத்துக்குத் தெரியாது என்று நினைவு வந்து, "போயிட்டு வர்றேம்மா" என்றார். கோபமா இல்லையா என்று பூரணத்தின் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

பேருந்து நிலையத்தின் ஒதுக்கத்தில் நின்று வைரவன் இத்ரீஸைக் கூப்பிட்டார்.

"தம்பி, முகவரியத் திருப்பிரலாம்."

"எது முடிவாச்சு மாமா? நீங்க சொன்னீங்களே, வாப்பா எழுதின வரலாறெல்லாம் வர்ற மாதிரி ஒண்ணு…"

"அது வராதுப்பா. வேற ஒண்ணு."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ எந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

"சரி மாமா. கொஞ்ச நேரத்துல திருப்பி விட்டுருதேன்." போனை வைக்கப் போனவன் நிறுத்திக் கேட்டான்: "பழசு அப்பறம் யாரு கண்ணுலயும் படாதுல்ல?"

"படாதுப்பா."

"சரி."

திருநெல்வேலி பேருந்தில் பின்பக்கம்தான் இடம் கிடைத்தது. தார்ப்பாய்த் திரையை இறக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஈர வாடையும் இருட்டுமாக இருந்தது. அமலோற்பவம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

பேருந்து ஊரைத் தாண்டிய பிறகு வைரவன் போனில் மசூதுவின் முகவரியைத் திறந்தார். மொட்டைப் பக்கம் வந்தது. இத்ரீஸ் திருப்பிவிட்டிருந்தான். மசூது எழுதின நேரங்கள், விடிகாலைகள், ஒன்றும் இல்லை. வைரவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூரணம் திருத்திய இடத்துக்குப் போனார்.

'இந்த இடத்தில் குரல் வராது. அவசரப்பட்டு எண்டர் அடிக்க வேண்டாம். கீழ் அம்புக்குறியை ஒரு தடவை அமுக்கிவிட்டு அப்புறம் எண்டர் அடிக்கவும். அதற்கு முன்னால், போனால் திரும்ப வராத சாமான் ஏதாவது கம்ப்யூட்டரில் இருந்தால் அதை வேரு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.'

வைரவன் அதை இரண்டு தடவை படித்தார். 'வேரு' என்ற இடத்தில் கண் நின்றது. விரல் தானாகத் திருத்து பொத்தான் பக்கம் போனது. போன விரலை எடுத்துக்கொண்டார்.

"டீச்சர்."

"ம்."

"பூரணம்மா எழுதுனதுல ஒரு எழுத்து மாறியிருக்கு. வேறுன்னு வர வேண்டிய எடத்துல சின்ன ரு போட்டிருக்காங்க."

"காதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேக்கும்."

"அதான்." வைரவன் சன்னல் பக்கம் திரும்பினார். தார்ப்பாயின் கிழிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. "அப்படியே இருக்கட்டுமா, டீச்சர்? அவங்க இருக்கற நெலமைல, அவங்க கையால எழுதுனது. அதுல போய் நான் கை வைக்கறது…"

பேருந்து ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்றது. நனைந்த ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஏறினார்கள். நடத்துநர் உள்ளே போகச் சொல்லிச் சத்தம் போட்டார். பேருந்து மறுபடி கிளம்பிச் சத்தம் அடங்கியது.

"திருத்துங்க, அண்ணாச்சி," என்றார் அமலோற்பவம். "அதுக்குத்தான அவங்க எழுதியிருக்காங்க."